ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை!

ஏ.சி. எந்திரம் ஓடுகிறது. விளக்கு எரிகிறது. காற்றும் வருகிறது.

ஆனால், குளிர்ச்சி மட்டும் இல்லை!

வெளியே அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்துகிறது. உள்ளே புழுக்கம். கைக்குழந்தை தூங்காமல் அழுகிறது. "மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்" என்கிறார், வீட்டு அம்மாள்.

மெக்கானிக் வருகிறார். எந்திரத்தை ஒரு முறை பார்க்கிறார்.

"கியாஸ் தீர்ந்து போச்சு, சார். ஏத்தணும்."

சில ஆயிரம் ரூபாய் கையை விட்டுப் போகிறது. கொஞ்ச நாள் குளிர்கிறது. அடுத்த கோடையில் மறுபடியும் அதே புழுக்கம். அதே பேச்சு. அதே செலவு!

ஏ.சி.யில் இருக்கும் கியாஸ், அடுப்பு கியாஸ் போல எரிந்து தீர்ந்து விடுமா?

தீராது! இதைத் தெரிந்து கொண்டால் பல வீடுகளில் பணம் மிச்சம் ஆகும்.

ஏ.சி. பிறக்கும் மண்

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஏ.சி.க்கும் நெருங்கிய உறவு உண்டு.

கும்மிடிப்பூண்டி தாலுகாவில் பெருவாயல் என்று ஒரு கிராமம். அங்கே ரூ.1,891 கோடி செலவில் ஏ.சி. தொழிற்சாலை கட்டுவதற்கு, ஜப்பானைச் சேர்ந்த மிட்சுபிஷி எலெக்ட்ரிக் கம்பெனி 2023-ம் ஆண்டு மே மாதத்தில் அடிக்கல் நாட்டியது.

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் ஸ்ரீசிட்டி. அங்கே டைகின், புளூ ஸ்டார் கம்பெனிகளின் ஏ.சி. தொழிற்சாலைகள் இருக்கின்றன.

ஒரு காலத்தில் ஏ.சி. என்றால் சினிமா தியேட்டரிலும் பெரிய ஓட்டலிலும்தான் பார்க்கலாம். இன்று தவணையில் வாங்கி, தொழிலாளி வீட்டிலும் மாட்டி விட்டார்கள். இதை ஆடம்பரம் என்று சொல்லி விட முடியாது. சிப்காட் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்து விட்டு வருகிறவர், பகலில்தான் தூங்க வேண்டும். உச்சி வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே எப்படித் தூக்கம் வரும்? தூக்கம் இல்லாமல் மறுநாள் உருட்டாலையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பின் முன்னால் நிற்க முடியுமா?

ஆகவே, வாங்கிய எந்திரம் ஒழுங்காகக் குளிர வேண்டும். குளிராவிட்டால், ஏன் என்று நமக்குத் தெரிய வேண்டும்.

சூட்டைச் சுமக்கும் கூலி ஆள்

ஏ.சி. குளிரை உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள்.

அது சரி அல்ல. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொண்டு போய்க் கொட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. சூடு போனால், மிச்சம் இருப்பது குளிர்ச்சி!

மண்பானையை எண்ணிப் பாருங்கள். பானையின் மேலே கசியும் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. போகும்போது சூட்டையும் எடுத்துக் கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஜில் என்று ஆகிறது.

ஏ.சி.யிலும் இதே தந்திரம்தான். தண்ணீருக்குப் பதிலாக ஒரு கியாஸ். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இந்த கியாஸ், அறையில் இருக்கும் குழாய்க்குள் சுமார் 5 முதல் 10 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிறது. அப்போது அறையின் சூட்டை இழுத்துக் கொள்கிறது.

பிறகு அது வெளியே இருக்கும் பெட்டிக்குப் போகிறது. அங்கே கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. விசிறி அதன் சூட்டை வெளிக்காற்றில் விரட்டுகிறது. சூட்டை இறக்கி வைத்த கியாஸ், மறுபடியும் திரவமாகி வீட்டுக்குள் வருகிறது.

மூட்டை சுமக்கும் கூலி ஆள் போல, அது உள்ளேயும் வெளியேயும் நடந்து கொண்டே இருக்கிறது. ஆளுக்கு வழி அடைபட்டால் மூட்டை நகராது. எந்திரம் ஓடும், அறை குளிராது!

"டன்" என்றால் என்ன?

"ஒன்றரை டன் ஏ.சி." என்கிறோம். எந்திரத்தின் எடையா அது? இல்லை.

சென்னை கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842-ம் ஆண்டு பிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி அதைக் கட்டினார். அமெரிக்காவில் ஏரிகள் உறையும்போது பனிக்கட்டியை அறுத்து, கப்பலில் ஏற்றி, சென்னைக்குக் கொண்டு வந்து அங்கே வைத்து விற்றார்!

பனிக்கட்டியைக் கொண்டே குளிர்ச்சியை அளந்த பழக்கம் எந்திரத்துக்கும் வந்து விட்டது. சுமார் 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகினால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அதுதான் "ஒரு டன்". அப்படி என்றால், ஒன்றரை டன் ஏ.சி. 1,360 கிலோ பனிக்கட்டியின் வேலையை ஒரே நாளில் செய்கிறது.

இந்தக் காலத்து ஏ.சி.க்கு வழி காட்டியவர் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்க என்ஜினீயர். 1902-ம் ஆண்டு நியூயார்க்கில் ஓர் அச்சகத்துக்காக அவர் எந்திரம் அமைத்தார். காற்றின் ஈரத்தில் காகிதம் ஊறி, வண்ணப்படங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் போயின. அந்த ஈரத்தை எடுக்கத்தான் எந்திரம். அப்போது அவருக்கு வயது 25!

முதலில் ரிமோட்டைப் பாருங்கள்

இனி, வீட்டுக்கு வருவோம். ஏ.சி. குளிரவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ரிமோட்டைக் கையில் எடுங்கள். அதில் பனிப்பூ போல ஒரு குறி இருக்கிறதா? அதுதான் குளிர்ச்சிக்கு உரிய குறி. விசிறி குறி இருந்தால் வெறும் காற்றுதான் வரும். குழந்தைகள் விளையாட்டாகப் பொத்தானை அமுக்கி இருக்கலாம்.

அடுத்து, எத்தனை டிகிரி என்று பாருங்கள். அறை 27 டிகிரியில் இருக்கிறது. நீங்கள் 28 வைத்து இருக்கிறீர்கள் என்றால், வெளியே இருக்கும் பெட்டி வேலை செய்யாது. அது பழுது அல்ல.

சிலர் 16 டிகிரி வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று எண்ணுகிறார்கள். சாதாரண ஏ.சி.யில் அப்படி இல்லை. 16 வைத்தாலும் 24 வைத்தாலும் குளிரும் வேகம் ஒன்றுதான். 16 வைத்தால் எந்திரம் நிற்காமல் ஓடும். மின்சாரக் கட்டணம்தான் ஏறும்! ஒன்றரை டன் சாதாரண ஏ.சி. முழு மூச்சில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் இழுக்கும். 8 மணி நேரத்துக்கு 12 யூனிட்.

2020-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல், புது ஏ.சி.க்களைப் போட்டதும் 24 டிகிரியில் ஓடத் தொடங்கும்படி மத்திய அரசு விதி செய்து இருக்கிறது. 24 வைத்து, கூடவே மின்விசிறியை மெல்லச் சுழல விடுங்கள். போதும்.

அறையையும் பாருங்கள்

கதவு இடுக்கில் காற்று போகிறதா? ஜன்னல் சரியாக மூடவில்லையா? மேற்கு வெயில் கண்ணாடி வழியாக நேரே விழுகிறதா? கெட்டியான திரை போடுங்கள்.

பொதுவாக 100 முதல் 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் போதும். 180 சதுர அடி வரை ஒன்றரை டன் வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைக்கும், ஷீட் கூரை வீட்டுக்கும் இந்தக் கணக்கு போதாது. பகல் முழுவதும் கூரை அடுப்பு போலக் காய்ந்து, இரவு முழுவதும் சூட்டை உமிழும்.

இரவு 2 மணிக்குக் குளிர்கிறது. மதியம் 2 மணிக்குக் குளிரவில்லை என்றால், குற்றம் பெரும்பாலும் எந்திரத்தில் இல்லை. கூரையில் இருக்கிறது! மாடித் தளத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசினால் நல்ல பலன் கிடைக்கும்.

தூசிதான் முதல் எதிரி

அறை எந்திரத்தின் மூடியைத் தூக்கினால், உள்ளே வலை போல ஒரு சல்லடை இருக்கும். அதுதான் பில்டர்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கின்றன. பெரிய பாளையம் சாலையிலும், தேசிய நெடுஞ்சாலையிலும் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் பறக்கின்றன. இந்தத் தூசி எல்லாம் அந்தச் சல்லடையில் போய்ப் படிகிறது. பிறகு காற்று எப்படி நுழையும்?

மெயின் சுவிட்சை அணைத்து விட்டு, சல்லடையைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். வேறு ஊர்களில் மாதம் ஒரு முறை கழுவினால் போதும். நம் பக்கத்தில் 15 நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும். காசு செலவு இல்லை. 10 நிமிட வேலை!

சல்லடைக்குப் பின்னால் இருக்கும் குழாயில் பனிக்கட்டி படிந்து இருந்தால் பயப்பட வேண்டாம். கத்தியால் சுரண்டவும் வேண்டாம். குழாய் ஓட்டையாகி விடும். குளிர்ச்சியை நிறுத்தி, வெறும் விசிறியை மட்டும் 2, 3 மணி நேரம் ஓட விடுங்கள். கட்டி உருகி விடும். பிறகு சல்லடையைக் கழுவிப் போட்டுப் பாருங்கள். மறுபடியும் பனி கட்டினால், கியாஸ் குறைந்து இருக்கலாம். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

வெளியே இருக்கும் பெட்டி

ஏ.சி.யைப் போட்டதும் வெளியே இருக்கும் பெட்டியைப் பாருங்கள். அதன் விசிறி சுழல வேண்டும். "உம்" என்ற கம்ப்ரசர் சத்தம் கேட்க வேண்டும். நிறுத்தி உடனே போட்டால் சுமார் 3 நிமிடம் கழித்துத்தான் கம்ப்ரசர் ஓடும். அவசரப்பட வேண்டாம்.

விசிறி சுழலவில்லை, "உர்" என்ற முனகல் மட்டும் கேட்கிறது என்றால், கெப்பாசிட்டர் போய் இருக்கலாம். வீட்டு மின்விசிறி சுழலாவிட்டால் மாற்றுகிறோமே, அதே சாமான்தான், கொஞ்சம் பெரியது. இதற்கும் கியாசுக்கும் சம்பந்தமே இல்லை!

மாலை நேரத்தில் மட்டும் குளிரவில்லையா? தெரு முழுவதும் ஏ.சி. ஓடும்போது மின்சார அழுத்தம் குறையலாம். அப்போது கம்ப்ரசர் கிளம்பாது.

எல்லாம் சுழல்கிறது, ஆனால் குளிரவில்லை என்றால், பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். தகடுகளுக்கு நடுவே தூசி அப்பிக் கிடக்கும். புறா கூடு கட்டி இருக்கும். சிலர் வெயில் படக்கூடாது என்று அட்டை, தார்ப்பாய் போட்டு மூடி வைப்பார்கள். அது தப்பு. சூட்டைக் கொட்ட இடம் இல்லாமல் எந்திரம் திணறும்.

தரையிலோ மாடித் தளத்திலோ இருக்கும் பெட்டியானால், மெயின் சுவிட்சை அணைத்து விட்டு, தண்ணீரை மெல்ல அடித்துத் தகடுகளைக் கழுவலாம். வேகமாக அடித்தால் தகடு மடங்கி விடும். சுவரில் உயரத்தில் தொங்கும் பெட்டியை நீங்கள் தொட வேண்டாம். ஓர் ஏ.சி.யை விட உயிர் பெரிது!

சொட்டும் தண்ணீர் சொல்லும் சேதி

செலவு இல்லாத ஒரு சோதனை இருக்கிறது.

ஏ.சி.யில் இருந்து வெளியே தண்ணீர் சொட்டும் குழாய் இருக்கும் அல்லவா? அதன் கீழே ஒரு வாளி வையுங்கள்.

நம் பகுதியில் கடல் காற்று. ஈரம் அதிகம். குளிர்ந்த குழாயில் அந்த ஈரம் தண்ணீராக மாறிச் சொட்டும். நன்றாகச் சொட்டினால், உள்ளே குளிர்ச்சி உண்டாகிறது. அறை குளிராததற்குக் காரணம் கதவோ, கூரையோ, சல்லடையோதான். ஒரு மணி நேரம் ஓடியும் சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை என்றால், அந்தக் குழாய் அடைத்து இருக்கலாம். அல்லது எந்திரத்துக்குள் கோளாறு இருக்கலாம்.

இன்னொரு சோதனை. சுவர் தெர்மாமீட்டர் 2 வாங்குங்கள். காற்று உள்ளே போகும் இடத்தில் ஒன்று. வெளியே வரும் இடத்தில் ஒன்று. 20 நிமிடம் ஓட விடுங்கள். இரண்டுக்கும் சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் எந்திரம் நன்றாக இருக்கிறது. 2, 3 டிகிரிதான் வித்தியாசம் என்றால் மெக்கானிக் வரட்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

கியாஸ் எங்கே போகிறது?

உங்கள் வீட்டில் பிரிஜ் இருக்கிறதா? எத்தனை ஆண்டாக ஓடுகிறது? அதற்கு ஆண்டுதோறும் கியாஸ் ஏற்றுகிறீர்களா? இல்லையே!

அதே போலத்தான் ஏ.சி.யும். கியாஸ் எரிவது இல்லை, தேய்வது இல்லை. ஒரே கியாஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்து இருந்தால், ஒரே காரணம்தான்: எங்கேயோ ஓட்டை!

ஏ.சி.யை வீட்டில் மாட்டும்போது செம்புக் குழாய்களை மரையாணி போட்டு இணைப்பார்கள். அந்த இணைப்பு தளர்ந்தால் கசியும். பழவேற்காடு, எண்ணூர் பக்கம் உப்புக் காற்றில் குழாயும் தகடும் அரித்துக் கசியும். கசிந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும்.

ஓட்டையை அடைக்காமல் கியாஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல!

கேட்க வேண்டிய 5 கேள்விகள்

நல்ல மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அரசு ஐ.டி.ஐ.களில் 2 ஆண்டு படித்து இந்தத் தொழிலைக் கற்றவர்கள் உண்டு. வெயிலில் மாடி ஏறி, உயிரைப் பணயம் வைத்து உழைக்கிறார்கள். தொழில் தெரிந்தவர், கேள்வி கேட்டால் கோபித்துக் கொள்ள மாட்டார். இப்படிக் கேளுங்கள்:

1. "கியாஸ் குறைந்து இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மீட்டரைக் காட்டுங்கள்."

2. "எந்த இடத்தில் கசிகிறது?" நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரை தடவினால், கசியும் இடத்தில் குமிழி வரும். அதை நீங்களே கண்ணால் பார்க்கலாம்.

3. "அடைத்த பிறகு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்தீர்களா?"

4. "என்ன கியாஸ்? எத்தனை கிராம்?" இது எந்திரத்தின் மேல் ஒட்டிய சீட்டில் எழுதி இருக்கும். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290 என்று பல வகை உண்டு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றக் கூடாது. தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும்.

5. "மாற்றிய பழைய சாமான் எங்கே? ரசீது தருவீர்களா?"

கூப்பிடும் முன்பு உத்தரவாத அட்டையையும் தேடிப் பாருங்கள். கம்ப்ரசருக்குப் பல கம்பெனிகள் 5 ஆண்டு, 10 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

செய்யவே கூடாதவை

கெப்பாசிட்டரைத் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கி இருக்கும். பயங்கரமாக அடிக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்ற யாரையும் விடாதீர்கள். கம்ப்ரசரில் எண்ணெய் இருக்கிறது. ஆக்சிஜன் அதோடு சேர்ந்தால் வெடித்து விடும்.

ஆர்-290 என்பது தீப்பிடிக்கும் கியாஸ். ஆர்-32-ம் ஓரளவு தீப்பிடிக்கும். கசிவு என்று சந்தேகம் வந்தால், கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊதுவத்தி, அடுப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம்.

எந்திரத்தில் இருந்து கருகல் வாடை வந்தாலோ, சுவிட்சு சுட்டாலோ, மெயினை உடனே அணைத்து விடுங்கள். மேற்கொண்டு சோதனை செய்து பார்க்காதீர்கள்.

சல்லடையைக் கழுவத் தண்ணீர் போதும். சோதனைக்கு ஒரு வாளி போதும். கேள்வி கேட்க வாய் இருக்கிறது. இந்த மூன்றையும் செய்து பார்த்த பிறகு பையில் இருந்து பணத்தை எடுங்கள்.

அப்போதும் "கியாஸ் தீர்ந்து போச்சு" என்று யாராவது சொன்னால், சிரித்துக் கொண்டே கேளுங்கள்:

"தீராத கியாஸ் எப்படித் தம்பி தீர்ந்தது? ஓட்டை எங்கே? அதை முதலில் காட்டு!"